நீர் வற்றும் மாதத்தில் வெனிஸ்

ஐரோப்பாவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம்மவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வார இறுதிப் பயணம் திட்டமிடும்போது வெனிஸின் பெயர் கட்டாயம் அடிபடும். பேச்சு டிசம்பரிலோ ஜனவரியிலோ நடந்தால், யாராவது ஒருவர் "குளிர் போகட்டும், ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போடுவது தவறு என்பதுதான் என் வாதம். வெனிஸுக்கு ஒரே ஒரு வார இறுதி கிடைக்கிறது என்றால் அதை ஜனவரியில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் குறைவு, விடுதி வாடகை மலிவு என்று எல்லோரும் சொல்லும் காரணங்கள் உண்மைதான். ஆனால் அவை என்னைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். வெனிஸ் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் பழுதுபார்க்கப்பட்டு வருவதால் மட்டுமே நின்றுகொண்டிருக்கிற ஊர். அதன் வரலாறு என்பதே பெரும்பாலும் தண்ணீரோடு நடத்திய பராமரிப்பு வேலையின் வரலாறு. கோடையில் அந்த வேலையைக் கூட்டமும் கடைகளும் நாற்காலிகளும் மறைத்துவிடுகின்றன. குளிர்காலத்தில் அது வெளியே தெரிகிறது.

ஊர் நிற்கும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். வெனிஸ் ஒரு காயலுக்குள் இருக்கிறது. ஆட்ரியாட்டிக் கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டுகள். அவற்றின் ஊடே லீதோ, மலமோக்கோ, கியோஜா என்று மூன்று முகத்துவாரங்கள். அந்த வழியாகக் கடல் நாளுக்கு இருமுறை உள்ளே ஏறி, இருமுறை வடிகிறது. நூற்றுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு தீவுகளை நானூற்றுச் சொச்சம் பாலங்கள் கட்டிப்போட்டிருக்கின்றன. பெரிய கட்டடங்களுக்கு அடியில் சேற்றுக்குள் நெருக்கமாக அடித்து இறக்கிய மரத்தூண்கள். காற்றுப் புகாத சேறு என்பதால் மரம் எளிதில் மட்குவதில்லை. அதற்கு மேல் இஸ்திரியாவிலிருந்து படகில் வந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இந்தக் கல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. கல் வரிசை முடிந்த பிறகுதான் செங்கல் சுவர் தொடங்கும். ஓதம் எவ்வளவு ஏறினாலும் கல்லோடு நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது என்பது கட்டியவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு இன்று பொய்த்துவிட்டது. கடல்மட்டம் உயர்ந்திருக்கிறது, போதாததற்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்க்கரையில் மார்கேரா தொழிற்பேட்டைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரையும் தாழ்ந்தது. எவ்வளவு என்பதற்கு ஓவியத்திலேயே சாட்சி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கனலெத்தோ வெனிஸ் மாளிகைகளைத் துல்லியமாக வரைந்தபோது, ஓதம் தொடும் உயரத்தில் சுவரில் படிந்த பச்சைப் பாசியையும் விடாமல் வரைந்தார். தாரியோ கமுஃப்போ என்ற இத்தாலிய விஞ்ஞானி அந்த ஓவியங்களில் உள்ள பாசியின் உயரத்தையும் அதே மாளிகைகளில் இன்றுள்ள பாசியின் உயரத்தையும் ஒப்பிட்டு, இடைப்பட்ட காலத்தில் அது அறுபது சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருப்பதைக் காட்டினார். இப்போது உப்புநீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகிறது. தண்ணீர் உலர்ந்த பிறகு உப்பு உள்ளேயே படிகமாகிறது. படிகம் பெருத்துச் செங்கல்லை உடைக்கிறது. எந்தச் சந்திலும் இடுப்புயரத்துக்குக் குனிந்து பார்த்தால் காரை உதிர்ந்து, செங்கல் பொடிப்பொடியாகி, நடுவிலுள்ள சாந்து மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

இதையெல்லாம் ஜூலையிலும் பார்க்கலாமே என்று கேட்கலாம். சுவரைப் பார்க்கலாம். சுவருக்குக் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து காற்றழுத்தம் கூடும் நாட்களில் ஓதம் வடியும்போது நீர்மட்டம் வழக்கத்தைவிட வெகுவாக இறங்கிவிடும். குறுகிய வாய்க்கால்களில் தண்ணீர் ஓடையாகச் சுருங்கும். படகுகள் சேற்றில் தரைதட்டிக் கிடக்கும். மாளிகைகளின் நீர்வாசல் படிகள் அடிவரை வெளியே வரும். மேல்படிகளில் பச்சைப் பாசி, அதற்குக் கீழே சிப்பியும் மட்டியும் அப்பிய கறுப்பு, அதற்கும் கீழே காலங்காலமாக மாற்றி மாற்றி அடைத்த கல்லும் செங்கல்லும் சிமெண்டும். எந்தக் கல் அசல், எது நூறு வருஷத்துக்கு முன் செருகியது, எது போன பத்தாண்டில் பூசியது என்பது தேர்ந்த கண் இல்லாதவர்களுக்குக்கூடப் புரியும். வெனிஸைப் பற்றிப் படித்த எல்லாவற்றையும்விட அந்தப் படிக்கட்டு அதிகம் சொல்லும் என்று நம்புகிறேன்.

சில வாய்க்கால்களை வேண்டுமென்றே வற்றவைப்பதும் உண்டு. இரண்டு முனைகளிலும் தடுப்பு இறக்கி, தண்ணீரை இறைத்து, தூர் வாரி, அடிச்சுவரைச் செப்பனிடுவார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் வாய்க்கால் மேடாகும், கழிவு தேங்கும், சுவர் சரியும். இந்த வேலைக்குள் எவ்வளவு அபாயம் அடங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு ஜனவரி இரவே உதாரணம். 1996 ஜனவரி 29 அன்று லா ஃபெனிச்சே இசை நாடக அரங்கு எரிந்தபோது, அதையொட்டிய வாய்க்கால் பராமரிப்புக்காக வற்றவைக்கப்பட்டிருந்தது. தீயணைப்புப் படகுகள் நெருங்க முடியவில்லை. பக்கத்தில் தண்ணீர் இல்லாததால் தண்ணீர் ஊரின் நடுவில் ஓர் அரங்கு சாம்பலானது. மின்பணியாளர்கள் இருவர் வைத்த தீ அது என்று நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. முன்பு இருந்தபடியே திரும்பக் கட்டி, 2003 டிசம்பரில் திறந்தார்கள்.

குளிர்காலம் வேலைக்காலம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இடைக்காலத்தில் மத்தியதரைக் கடலின் மாலுமிகள் குளிர்மாதங்களில் கூடியமட்டும் கடலேறுவதில்லை. கப்பல்கள் கரையேறிக் கிடக்கும். அப்போதுதான் வெனிஸின் அரசுக் கப்பல் கட்டும் துறையான அர்செனாலே சுறுசுறுப்படையும். தாந்தே தன் நரக காண்டத்தின் 21ஆம் பகுதியில், கொதிக்கும் கீலில் பாவிகள் மூழ்கும் பள்ளத்துக்கு உவமை தேடியபோது அவருக்குக் கிடைத்தது குளிர்கால அர்செனாலேதான்: கப்பல் ஓட்ட முடியாத நாட்களில் கீல் காய்ச்சி, கலப்பத்து அடித்து, துடுப்பு செய்து, கயிறு திரித்து, பாய் தைக்கிற கூட்டம். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரிகள் கவிதையாக மட்டுமல்ல, ஒரு தொழிற்கூடத்தின் நேரடி வர்ணனையாகவும் நிற்கின்றன. வெனிஸின் சந்தைப் பகுதியான ரியால்தோவில் கைமாறிய மலபார் மிளகு அலெக்சாந்திரியாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததும், நம் தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறையைப் பற்றி எழுதிய மார்கோ போலோவின் இந்த ஊர் கடல் வணிகத்தில் வளர்ந்ததும் இந்தக் கீல் காய்ச்சியவர்களின் உழைப்பால்தான். வெனிஸ் வணிகர்களால் வளர்ந்த ஊர் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. பழுதுபார்ப்பவர்கள் இல்லாமல் வணிகர்களுக்குக் கப்பலே கிடையாது.

இன்னொரு சான்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கோடையில் காண்பது கிட்டத்தட்ட முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வெனிஸில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. அதனால் ஊரின் சதுக்கங்களை மழைநீர்த் தொட்டிகளாகக் கட்டினார்கள். நடுவே கல் விளிம்போடு ஒரு கிணறு. சுற்றியுள்ள கல்தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிந்து நாலு துளைக் கற்களிடம் போய்ச் சேரும். மழைநீர் அந்தத் துளைகளில் இறங்கி, களிமண் பூசிய குழிக்குள் மணல் வழியாக வடிகட்டப்பட்டுக் கிணற்றில் ஊறும். 1884இல் கரையிலிருந்து குழாய்நீர் வரும்வரை ஊர் பெரும்பாலும் இப்படித்தான் குடித்தது. கிணற்று விளிம்பில் கயிறு தேய்த்த தடங்கள் விரல் பதியும் ஆழத்துக்கு இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த ஜனவரி நாளில் காலியான சதுக்கத்தில் நின்றால் தண்ணீர் எந்தக் கல்லைத் தேடி ஓடுகிறது என்பதை அப்படியே பார்க்கலாம். மே மாதத்தில் அதே தளத்தின்மேல் உணவகங்களின் மேசைகள் இருக்கும்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதலாவது, வெள்ளம். குளிர்காலத்தில் வெனிஸ் மூழ்கிவிடுமே, காசைக் கொட்டிப் போய் முழங்கால் தண்ணீரில் நிற்பதா என்று நண்பர்களில் ஒருவராவது கேட்பார். செய்தியில் வரும் எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் பயம் இது. 110 சென்டிமீட்டர் ஓதம் என்றால் தெருவில் 110 சென்டிமீட்டர் தண்ணீர் என்று பொருளல்ல. அந்த அளவு, சலூத்தே முனையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குறித்த பூஜ்யப் புள்ளியிலிருந்து எண்ணப்படுவது. ஊரின் தரை அந்தப் புள்ளிக்கு வெகு மேலே இருக்கிறது. எல்லாவற்றிலும் தாழ்வான சான் மார்க்கோ சதுக்கம் எண்பது சென்டிமீட்டரை ஒட்டி நனையத் தொடங்கும். 110இல் ஊரின் எட்டில் ஒரு பங்குதான் நனையும், அதுவும் பெரும்பாலும் கணுக்காலளவு. சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். பெரிய அழிவுகள் இல்லாமலில்லை: 1966 நவம்பர் 4 அன்று 194, 2019 நவம்பர் 12 அன்று 187. இரண்டும் நவம்பர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்ரியாட்டிக்கின் நீளவாக்கில் தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று கடலைக் காயலின் பக்கம் தள்ளுவது இலையுதிர் காலத்தில்தான் மிகவும் உக்கிரமாக இருக்கும். ஜனவரியில் அபாயம் முற்றிலும் இல்லை என்று சொல்லவில்லை, வெகுவாகக் குறைவு.

தவிர, 2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்பு வேலை செய்கிறது. மூன்று முகத்துவாரங்களின் அடியில் படுத்துக் கிடக்கும் 78 இரும்புக் கதவுகள். உள்ளே காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால் கதவுகள் தாமாக மிதந்து எழுந்து கடலை மறிக்கும். 2022 நவம்பரில் வெளியே கடல் 170 சென்டிமீட்டரைத் தாண்டியபோது ஊர் தப்பித்தது. அதற்காக இதை அற்புதம் என்று கொண்டாட நான் தயாரில்லை. செலவு ஐநூறு கோடி யூரோவுக்கு மேல். 2014இல் வெளியான ஊழல் வழக்கு ஊரையே உலுக்கியது. 2020 டிசம்பர் 8 அன்று முன்கணிப்பு தவறியதால் கதவுகள் எழாமல் சான் மார்க்கோ மூழ்கியது. கடல் உயர உயரக் கதவுகளை அடிக்கடி மூட வேண்டிவரும். மூடும்போதெல்லாம் காயலின் மூச்சும் நிற்கும். மோசேயை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதும் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. வீட்டு வாசல்களின் இரு பக்கமும் பதித்த பள்ளத்தில் செருகும் முழங்காலுயரத் தகடுகள், சதுக்கத்தின் ஓரம் அடுக்கிவைத்த மேடைப் பலகைகள், சான் மார்க்கோ பசிலிக்காவைச் சுற்றி எழுப்பிய கண்ணாடித் தடுப்பு, ஓதத்தின் உயரத்துக்கேற்ப ஒலி மாறும் அபாயச் சங்கு என்று தற்காப்பு ஏற்பாடுகளெல்லாம் தயார் நிலையில் இருக்கும் பருவம் இது. ஓர் ஊர் எதற்கு அஞ்சுகிறது, எப்படிச் சமாளிக்கிறது என்பதை அறியாமல் அதன் அழகை மட்டும் பார்ப்பது பாதிப் பயணம்.

குளிரும் இருட்டும் அடுத்த ஆட்சேபம். ஜனவரியில் பகலில் ஆறேழு டிகிரி இருக்கும், இரவில் பூஜ்யத்தை ஒட்டி. சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன் உதித்து நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில் மறைந்துவிடும். ஈரக்காற்று எலும்பில் ஏறும் என்பதும் உண்மை. காயலே உறைந்துபோன ஆண்டுகளும் உண்டு. 1709இல் உறைந்த காயலின்மேல் மக்கள் நடமாடும் காட்சி ஓர் ஓவியமாகக் குவெரீனி ஸ்தம்பாலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று அப்படியெல்லாம் இல்லை. மூடுபனி மட்டும் வரும்; வந்தால் எதிர்க்கரை தெரியாது. ஒளிப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு இது நட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல கம்பளிச் சட்டையும் தண்ணீர் புகாத காலணியும் இருந்தால் இந்தக் குளிர் தாங்கக்கூடியது; ஜெர்மனியிலும் போலந்திலும் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. இருட்டிய பிறகு பார்க்க, பழைய வெனிஸ் ஆட்சியாளரின் தோஜே மாளிகை மாலை ஆறு வரை திறந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் குளிர்காலத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. சின்ன மதுக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் ரொட்டித் துண்டின்மேல் வெள்ளையாகக் குழைத்து வைத்திருக்கும் மீன் பசைக்குப் பின்னால் ஒரு குளிர்காலக் கதை இருக்கிறது. பியெத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் 1431இல் புயலில் சிக்கியது. உயிர்பிழைத்தவர்கள் 1432 ஜனவரியில் நார்வேயின் லோஃபோத்தன் தீவுகளில் ஒதுங்கினார்கள். அங்கே மீனவர்கள் காட் மீனை உப்பில்லாமல் காற்றிலேயே உலர்த்திக் கட்டையாக்கி வைத்திருப்பதைக் குவெரீனி குறித்துக்கொண்டு வந்தார். அந்தக் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு விட்டு அடித்துக் குழைப்பதே இன்றைய பக்கலா மந்தெகாத்தோ. சைவம் சாப்பிடும் நண்பருக்கு அருகிலுள்ள த்ரெவீசோவின் சிவப்புக் கீரை ராதிக்கியோ: உறைபனி விழுந்த பிறகு வேரோடு பிடுங்கி, இருட்டில் ஊற்றுநீரில் நிறுத்திவைத்துப் புதுக் குருத்து விடச் செய்கிறார்கள். லேசான கசப்புள்ள அது, சுட்ட சோளமாவுக் களியான பொலெந்தாவுக்கு அருமையான துணை. ரியால்தோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் இருக்காது என்பதால் அதைச் சனிக்கிழமை காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஊர்க்காரர்களுடையது. 1951இல் வரலாற்று நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனது. ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில், சான் பர்த்தொலொமேயோ சதுக்கத்தின் மருந்துக்கடை ஜன்னலில், எஞ்சியிருப்போரின் எண்ணிக்கை மின்னெழுத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கோடை முழுவதும் நெரிசலில் வாழ்கிறவர்களுக்கு மூச்சுவிடக் கிடைக்கும் ஒன்றிரண்டு மாதங்களிலும் நீங்கள் வந்து நிற்பது நியாயமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பதில் இது: ஊரை நெரிப்பது ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், ஒரே தெருவில் குவிகிற கூட்டம். நகராட்சியே அதைத்தான் குறிவைக்கிறது. 2024இல் பகல்நேர வருகையாளர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலித்த 29 நாட்களும் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்டவை; 2025இல் 54 நாட்களாகக் கூட்டியபோதும் குளிர்காலத்தைத் தொடவில்லை. இரவு தங்கி, சுற்றுலா வரி கட்டி, சந்தையிலும் சிறுகடைகளிலும் செலவழிக்கும் நாலு பேரால் ஜனவரியில் ஊர்க்காரர்களுக்கு வரும் தொந்தரவு குறைவு; வருமானம் வறண்ட மாதத்தில் அவர்களால் கிடைக்கும் ஆதாயம் அதிகம்.

ஆனால் நண்பர் குழுவுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. நாலைந்து பேர் என்றதும் எல்லோரும் சேர்ந்து ஒரு குடியிருப்பை நாள்வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதுதான் சிக்கனம் என்று தோன்றும். வெனிஸில் வீடுகள் அப்படித்தான் குடித்தனக்காரர்களின் கைவிட்டுப் போயின. சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கை 2023இல் குடியிருப்போரின் எண்ணிக்கையையே எட்டிப் பிடித்தது. ஜனவரியில் விடுதி அறைகள் மலிவு என்பதால் இந்த மாதத்தில் வீடு எடுப்பதற்குச் செலவும் ஒரு சாக்காக இருக்க முடியாது. இரண்டு அறைகளைச் சிறு விடுதியில் எடுத்துக்கொள்ளலாம். சந்துகளில் வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். தள்ளுவண்டியில் சரக்குக் கொண்டுபோகிறவருக்கு வழிவிடலாம். பாலத்து நடுவில் கும்பலாக நின்று படம் எடுக்காமல் இருக்கலாம். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. லாரி ஓடாத ஊரில் சிமெண்டும் அரிசியும் சவப்பெட்டியும் அந்தப் பாலத்தின்மேலும் அதன் கீழுள்ள படகிலும்தான் போயாக வேண்டும்.

கார்னிவலுக்குப் போகலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகமூடித் திருவிழா பழைய வெனிஸின் பெரிய வழக்கம்தான். 1797இல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்ததோடு அது மங்கியது. இன்று நாம் காண்பது 1970களின் இறுதியில், பருவமில்லாத மாதங்களுக்கு ஆட்களை இழுப்பதற்காகவும் சேர்த்து மீட்டெடுத்தது. அந்த வாரங்களில் ஊர் ஆகஸ்டு போலவே நெரியும், வாடகையும் ஏறிவிடும். திருவிழாவே வேண்டும் என்றால் நவம்பர் 21 சலூத்தே விழா மேலானது. 1630-31 கொள்ளைநோய் ஊரில் மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நேர்த்திக்கடனாகக் கட்டடக் கலைஞர் லொங்கேனா கட்டிய சலூத்தே கோயிலுக்கு, பெரிய கால்வாயின் குறுக்கே போட்ட தற்காலிகப் பாலத்தில் மக்கள் இன்றும் மெழுகுவர்த்தியோடு நடந்து போகிறார்கள். அங்கே போவது பெரும்பாலும் வெனிஸ்காரர்களும், வாடகை தாங்காமல் கரைக்குக் குடிபெயர்ந்த அவர்களின் பிள்ளைகளும்.

ஆகவே நான் சிபாரிசு செய்யும் காலம் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருநாள் முடிந்ததிலிருந்து கார்னிவல் தொடங்கும் வரையிலான சில வாரங்கள். வியன்னாவிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் இரவு ரயில் உண்டு. வெள்ளி இரவு ஏறினால், சனிக்கிழமை காலை 1846இல் காயலின் குறுக்கே போட்ட பாலத்தின் வழியாகச் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கிவிடலாம். படகுப் பேருந்துக்கு ஒரு தடவைக்கு 9.50 யூரோ என்பது அநியாயமாகத் தோன்றும். 48 மணி நேரச் சீட்டு 35 யூரோ. மூரானோ, புரானோ தீவுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் அதை வாங்கலாம், இல்லையென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மணி நேர நடைதான். கிளம்புமுன் நகராட்சி ஓத முன்னறிவிப்பு மையத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நேரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இறக்கத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த வேளையில் கன்னரெஜியோ பகுதியின் உள் வாய்க்கால்கள் பக்கம் இருக்கும்படி நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.